திருமழபாடியில் ஒரு பாகப்பிரிவினை: சிவாஜி – ஏகோஜி சந்திப்பை மேடையேற்றுவது எப்படி

சிவாஜி நாடகம் போட வேண்டும் என்று யோசனை கேட்டு வருபவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்: புலிநகத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். பீஜப்பூர்த் தளபதி அப்சல்கானை சிவாஜி புலிநகத்தால் கொன்ற கதையை எல்லாரும் பார்த்தாகிவிட்டது. நம்முடைய கொள்ளிடக் கரையிலேயே ஒரு காட்சி எடுப்பாரில்லாமல் கிடக்கிறது. 1677 ஜூலை மாதம் ஆற்றின் வடகரையில், திருமழபாடியில், முடிசூடி மூன்றே ஆண்டான சிவாஜியும் தஞ்சாவூரைப் பிடித்து ஆண்டுகொண்டிருந்த அவருடைய தம்பி ஏகோஜியும் சந்தித்தார்கள். அண்ணன் அப்பா சொத்தில் பாதி கேட்டார். தம்பி இரவோடு இரவாக ஆற்றைக் கடந்து ஊர் போய்ச் சேர்ந்தார். நடந்தது இவ்வளவுதான். ஐம்பது நிமிட நாடகத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

இதைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்துவிடுகிறார்கள். ஏகோஜியைக் கோழையாக்கிச் சிரிப்பு மூட்டுகிறார்கள். அல்லது சிவாஜியைப் பேராசைக்காரராக்கித் தஞ்சை மண்ணின் மானத்தைக் காப்பாற்றுகிறார்கள். இரண்டும் வேண்டாம். இது ஒரு பாகப்பிரிவினை. நம் ஊரில் பாகப்பிரிவினை பார்க்காத குடும்பம் உண்டா? அதில் ஒருவன் அயோக்கியனாக இருந்துவிட்டால் பஞ்சாயத்து அரை மணியில் முடிந்துவிடும். இரண்டு பேரிடமும் நியாயம் இருந்தால்தான் முற்றத்தின் நடுவே சுவர் எழும்பும். நாடகத்தின் வேலை அந்தச் சுவரைக் காட்டுவது.

நான் தஞ்சாவூர்ப் பக்கம் பள்ளி, கல்லூரி மாணவர்களை வைத்து நாடகம் போடுபவன். ஆறு நடிகர்கள், ஒரு ஜமக்காளம், ஒரு திண்டு, ஒரு தாம்பூலத் தட்டு, ஓர் ஓலைச்சுவடிக் கட்டு. இவ்வளவுதான் என் பட்டியல். அரண்மனைத் திரைச்சீலையை வாடகைக்கு எடுக்கக் கிளம்பிவிடாதீர்கள். சந்திப்பு நடந்தது ஒரு படைப்பாளையத்தில்.

இரண்டு நடிகர்களுக்கும் தனித்தனியாகக் கதை சொல்லுங்கள்

வசனத்தைக் கொடுப்பதற்கு முன், அண்ணனாக நடிப்பவரையும் தம்பியாக நடிப்பவரையும் வெவ்வேறு நாளில் கூப்பிட்டு உட்காரவையுங்கள். ஒருவருக்குச் சொன்னதை மற்றவரிடம் சொல்ல வேண்டாம். அந்தச் சகோதரர்களே அப்படித்தான் வளர்ந்தார்கள்.

சிவாஜியாக நடிப்பவரிடம் சொல்ல வேண்டியது: உன் தகப்பனார் ஷாஹாஜி போன்ஸ்லே, பீஜப்பூர் சுல்தானின் பெரிய தளபதி. உன்னையும் உன் தாய் ஜீஜாபாயையும் புனேப் பக்கம் இருத்திவிட்டு அவர் தெற்கே பெங்களூருக்குப் போனார். நீ தாயின் கைப்பிள்ளையாக வளர்ந்தாய். அப்பாவின் பெயர் உன்னிடம் இருந்தது, அப்பா இல்லை. 1664 ஜனவரியில், கர்நாடகத்தில் வேட்டைக்குப் போன இடத்தில் குதிரையிலிருந்து விழுந்து அவர் இறந்தார். அவருடைய தென்னாட்டு ஜாகீர், அதாவது சேவைக்காக சுல்தான் கொடுத்திருந்த நிலப்பகுதி, முழுவதும் உன் தம்பியிடம் போயிற்று. பதின்மூன்று ஆண்டுகள் நீ வாய் திறக்கவில்லை. 1674இல் ராய்கட்டில் முடிசூட்டிக்கொண்டாய். இப்போது பெரும் படையோடு தெற்கே வந்து செஞ்சியைப் பிடித்திருக்கிறாய். வேலூர் கோட்டை முற்றுகையில் இருக்கிறது. இனிமேலும் கேட்காமல் இருக்க வேண்டுமா?

ஏகோஜியாக நடிப்பவரிடம் சொல்ல வேண்டியது: உன் தாய் துக்காபாய், இளைய மனைவி. நீ அப்பாவோடு இருந்தாய். அவர் யாருக்கு உழைத்தாரோ அதே பீஜப்பூருக்கு உழைத்தாய். அண்ணன் உனக்குச் செய்தியாக மட்டுமே வந்துகொண்டிருந்தார். இந்தக் கோட்டையைப் பிடித்தார், அந்தத் தளபதியைக் கொன்றார் என்று செய்தி வரும்போதெல்லாம் தர்பாரில் இருப்பவர்கள் உன் முகத்தைப் பார்ப்பார்கள். 1648இல், செஞ்சி முற்றுகைக்காக அமைந்திருந்த பாளையத்தில் வைத்து அப்பாவைக் கைதுசெய்து பீஜப்பூருக்குக் கொண்டுபோனார்கள். மகனுடைய கலகத்துக்குத் தகப்பன் மறைமுகத் துணை என்ற சந்தேகமும் அதற்கு ஒரு காரணம். கலகம் செய்தவர் மலைமேல் இருந்தார். விலங்கு அப்பாவுக்கு வந்தது.

இந்த இரண்டு கதைகளையும் மனத்தில் ஏற்றிக்கொண்ட பிறகு இருவரையும் ஒரே அறைக்குள் விடுங்கள். முதல் ஒத்திகையிலேயே ஒருவரை ஒருவர் பார்க்கிற பார்வையில் ஒரு கூச்சம் வந்துவிடும். அதற்குப் பிறகு கூச்சத்தை நடிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஏகோஜி தஞ்சாவூருக்கு வந்த கதையை, நாடகத்தில் கதை சொல்லிக்கொண்டு போகும் கட்டியங்காரன் சொல்லட்டும். அதிகம் போனால் இரண்டு நிமிடம். 1673இல் மதுரைச் சொக்கநாத நாயக்கர் தஞ்சையைப் பிடித்து விஜயராகவ நாயக்கரின் ஆட்சியை முடித்தார். தம்முடைய பால் சகோதரன் அழகிரியை அங்கே வைத்தார். அழகிரி கப்பம் கட்டுவதை நிறுத்திவிட்டுத் தனி ராஜாவாகிவிட்டார். பழைய நாயக்கர் வழியில் வந்த செங்கமலதாசனை அரியணையில் ஏற்றச் சொல்லி பீஜப்பூர் அனுப்பியது ஏகோஜியை. அவர் அழகிரியை விரட்டினார், பிறகு 1676 வாக்கில் தாமே அமர்ந்துகொண்டார். இதற்கிடையில் சொக்கநாதரே 1678இல் தம் சொந்தத் தம்பி முத்துலிங்க நாயக்கரிடம் சிறிது காலம் அரியணையை இழந்தார். அந்தப் பத்தாண்டுகளில் நம் பக்கத்தில் தம்பிகளைப் பற்றி எந்த அரசனும் நிம்மதியாகத் தூங்கியிருக்க முடியாது. கட்டியங்காரனுக்கு நகைச்சுவை வேண்டுமென்றால் இந்த இடத்தில் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். இதற்குப் பிறகு அவன் சிரிக்கவைக்கக் கூடாது.

இன்னொரு சிக்கலையும் நடிகர்கள் இருவரும் அறிந்திருக்க வேண்டும். சிவாஜி அரசர்தான், ஆனால் ஏகோஜிக்கு அரசரா? காகிதப்படி ஏகோஜியின் எஜமானர் பீஜப்பூர் சுல்தான் சிக்கந்தர் அடில்ஷா. அந்த ஆண்டு அவருக்கு வயது ஒன்பது போல. தூரத்தில் ஒரு சிறுவன் எஜமானர். பக்கத்தில் அண்ணன், அவர் தலையில் மகுடம். நடுவில் தானே ஒரு ராஜா. ஏகோஜி எந்த வாக்கியத்தை எடுத்தாலும் இந்த மூன்றில் எந்த நிலையிலிருந்து பேசுகிறார் என்று நடிகரை ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். குறிக்க முடியாத வாக்கியம் இருந்தால் அதை வெட்டிவிடலாம். அனேகமாக அது நீங்கள் கைதட்டலுக்காக எழுதியதாக இருக்கும்.

நடுவில் நிற்பவர்

ரகுநாத பந்த் ஹனுமந்தே என்று ஒரு பாத்திரம். ஷாஹாஜியின் காலத்திலிருந்தே அந்தக் குடும்பத்துக்குக் கணக்கும் யோசனையும் பார்த்த வீட்டைச் சேர்ந்தவர். ஏகோஜியிடம் திவானாக இருந்தார், மனக்கசப்பு வந்தது, கிளம்பி சிவாஜியிடம் போய்விட்டார். தென்னாட்டுப் படையெடுப்புக்கும் பங்கு கேட்டதற்கும் அவருடைய தூண்டுதல் பெரியது.

இவரை நாரதராக்கிவிடாதீர்கள். அவருக்கு இரண்டு வீட்டுக் கணக்கும் தெரியும். எந்தக் கோட்டை எவ்வளவு தரும், எந்தப் பெட்டியில் என்ன நகை என்பதெல்லாம் அத்துப்படி. அதனால் அவர் மேடையில் கத்த வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் குழுவில் இந்த வேடத்துக்கு எப்போதும் மிகவும் அமைதியான பையனைத்தான் போடுவேன். அவன் ஜமக்காளத்துக்கு வெளியே, சிவாஜியின் முதுகுப் பக்கம் நிற்க வேண்டும். ஏகோஜி அண்ணனைப் பார்த்துப் பேசும்போதெல்லாம் அண்ணனின் தோளுக்கு மேலே தம்முடைய பழைய திவானின் முகமும் அவருக்குத் தெரிய வேண்டும். தனியாக அண்ணன் தம்பியாகப் பேசிக்கொள்ள அவர்களுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை என்பது பார்ப்பவர்களுக்குத் தானாகப் புரிந்துவிடும்.

சந்திப்பு

ஆற்றை எங்கே வைப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள். பலர் மேடையின் பின்புறம் நீலத் துணி கட்டிவிடுகிறார்கள். நான் மேடையின் முன்விளிம்பைக் கரையாக வைத்துக்கொள்வேன். அதாவது பார்வையாளர்கள் கொள்ளிடத்துக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். தஞ்சாவூர் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ஏகோஜி நடுப்பாதை வழியாக, மக்களுக்கு இடையே நடந்துவந்து மேடை ஏறுவார். திரும்பிப் போவதும் அதே வழிதான். ஆடியை ஒட்டிய நாட்கள், ஆற்றில் புதுவெள்ளம் வரும் பருவம். நடுப்பாதையில் நடக்கும்போதே வேட்டியை லேசாகத் தூக்கிப் பிடித்தால் போதும், தண்ணீர் வந்துவிடும்.

மேடையில் சிவாஜி திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். ஏகோஜி ஏறுகிறார். இப்போது என்ன?

அண்ணன் என்றால் எழுந்து வந்து தழுவிக்கொள்ளலாம். சத்ரபதி என்றால் எழக் கூடாது. தம்பி என்றால் காலில் விழ வேண்டும். தஞ்சாவூர் ராஜா என்றால் விழக் கூடாது. நாடகம் முழுவதும் இந்த ஒரு கணத்தில் இருக்கிறது. இதற்கு மட்டும் ஒரு மாலை ஒத்திகையை ஒதுக்குங்கள். நாங்கள் செய்வது இது. சிவாஜி ஒரு கையைத் தரையில் ஊன்றிப் பாதி எழுகிறார். ஏகோஜி செருப்பைக் கழற்றிவிட்டு ஜமக்காளத்தில் கால் வைத்துக் குனிகிறார். விரல் நுனிக்கும் அண்ணனின் பாதத்துக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கும்போது சிவாஜி அவர் தோளைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார். பாசத்தால் தூக்கினாரா, அல்லது அந்த வணக்கத்தை வாங்கிக்கொண்டால் பிறகு பங்கு கேட்பது கஷ்டம் என்று தூக்கினாரா? சிவாஜி நடிகரிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள், பதிலை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

பிறகு உட்காருவது. ஒரே ஒரு திண்டுதான் இருக்கிறது. சிவாஜி அதைத் தம்பியின் பக்கம் நகர்த்துகிறார். ஏகோஜி சாய்வதில்லை. நாடகம் முடியும்வரை அந்தத் திண்டில் அவர் முதுகு படக் கூடாது.

விருந்து. சகோதரர்கள் சில நாட்கள் பாளையத்தில் ஒன்றாக இருந்தார்கள், உபசாரத்துக்குக் குறைவில்லை. வாயால் சொல்லாமல் இதைக் காட்ட ஒரு வழி இருக்கிறது. இரண்டு பேரும் இலை முன்னால் உட்கார்ந்து, பேச்சில்லாமல், விளக்கு மங்கி எழுவதற்குள் சாப்பிட்டு எழட்டும். மூன்று முறை. ஒவ்வொரு முறையும் தாம்பூலத் தட்டு வந்து சிவாஜியின் பக்கத்தில் வைக்கப்படுகிறது. அவர் அதைத் தொடுவதில்லை. அந்தக் காலத்து அரச சபைகளில் விருந்தினருக்குத் தாம்பூலம் கொடுப்பதுதான் விடை கொடுப்பது. அது கைக்கு வராமல் எழுந்து போக முடியாது. முதல் விருந்தில் ஏகோஜி தட்டைக் கவனிக்கவில்லை. இரண்டாவதில் ஒரு கணம் பார்க்கிறார். மூன்றாவதில் தட்டை மட்டும்தான் பார்க்கிறார். இந்த வழக்கத்தைக் கட்டியங்காரன் முன்பே ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பையனுக்கு வெற்றிலை ஆசை என்று முன்வரிசைக் குழந்தைகள் நினைத்துக்கொள்வார்கள்.

அதன் பிறகு கேள்வி. அங்கே பேசிய வார்த்தைகள் எதுவும் நம்மிடம் இல்லை. வசனம் நாம் எழுதுவது என்பதைக் கட்டியங்காரன் வாயிலாகத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது மரியாதை. நான் வைத்திருப்பது இப்படிப் போகும்:

சிவாஜி: தம்பி, அப்பா போய்ப் பதின்மூன்று ஆண்டாகிறது.

ஏகோஜி: ஆமாம் அண்ணா.

சிவாஜி: இத்தனை ஆண்டும் எல்லாவற்றையும் நீதான் பார்த்துக்கொண்டாய். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏகோஜி: கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

சிவாஜி: இப்போது கேட்கிறேன். பாதி கொடு.

ஏகோஜி: எதில் பாதி, மகாராஜா?

அதுவரை விருந்தில் சிவாஜி தம்பியைத் ‘தஞ்சை மன்னர்’ என்றுதான் எல்லார் முன்னிலையிலும் அழைத்திருக்க வேண்டும். பங்கு கேட்கும்போது மட்டும் ‘தம்பி’. ஏகோஜி வந்ததிலிருந்து ‘அண்ணா’ என்று கூப்பிட்டவர், பங்கு என்ற பேச்சு வந்த உடனே ‘மகாராஜா’ என்கிறார். ஒருவர் உறவுக்குள் வரும் அதே நொடியில் மற்றவர் வெளியேறிவிடுகிறார். நடிகர்கள் இதை அழுத்திச் சொல்ல ஆரம்பித்தால் கெட்டுவிடும். சாதாரணமாகச் சொல்லச் சொல்லுங்கள். கூட்டத்தில் யாராவது ஒரு பெரியவர் மூச்சை இழுத்துக்கொள்வது கேட்கும்.

இதற்குப் பின் வாதம். இரண்டு பக்கத்து வாதத்தையும் சம எடையோடு எழுதுங்கள். அண்ணன் சொல்வது: பிள்ளைகளுக்குத் தகப்பன் சொத்தில் பங்கு உண்டு, நான் மூத்தவன், இதுவரை பொறுத்தேன். தம்பி சொல்வது: ஜாகீர் என்பது சுல்தான் கொடுத்தது, அதைப் பங்குபோட நமக்கு என்ன உரிமை? தஞ்சாவூர் அப்பா தேடிய சொத்தே இல்லை, அது நான் பிடித்தது. இதைச் சொல்லிவிட்டு ஏகோஜி ஒரு வரி சேர்த்துக்கொள்கிறார்: “கோட்டையைப் பிரிக்கலாம், குதிரையைப் பிரிக்கலாம். அப்பா காலில் கிடந்த விலங்கை எப்படிப் பிரிப்பது?” இதற்கு சிவாஜியிடம் பதில் வைக்காதீர்கள். ஒருமுறை ஒரு மாணவன் ஆவேசமான பதில் ஒன்றை எழுதிக்கொண்டுவந்தான்; நன்றாகவே இருந்தது. ஆனால் அதைப் பேசியபோது அண்ணன் ஜெயித்துவிட்டார், காட்சி தோற்றுவிட்டது.

ஓட்டம்

ஏகோஜி ஏன் ஓடினார் என்று புரியாமல் அந்தக் காட்சியைப் போட்டால் நிச்சயமாகச் சிரிப்பு வரும். அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. பீஜப்பூரின் இன்னொரு தளபதியான ஷேர்கான் லோடி சில வாரங்களுக்கு முன்புதான் சிவாஜியிடம் தோற்றுப் பணிந்திருந்தார். விருந்துக்கு அழைத்து மடக்கிவைப்பது அன்றைய அரசியலில் புதிதில்லை. அதை மிக நன்றாக அறிந்தவர் சிவாஜியேதான்: 1666இல் ஆக்ராவுக்கு மரியாதையோடு அழைக்கப்பட்டு, அங்கே அவுரங்கசீப்பின் காவலில் மாட்டிக்கொண்டு, தப்பி ஓடி வந்தவர் அவர்.

இந்த ஒரு செய்தியை சிவாஜி நடிகர் தலைக்குள் ஏற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது. தம்பி ஓடிவிட்டான் என்று காலையில் சொல்கிறார்கள். நான் அவனைச் சிறைவைக்கவா போகிறேன், சின்னப்பிள்ளைத்தனமாக நடந்துகொண்டானே என்று அவர் வருந்தியதாக மராட்டியர் பக்கத்து வரலாறு சொல்கிறது. அந்த வருத்தம் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் பேசிக்கொண்டே போகும்போது நடுவில் நிறுத்தச் சொல்லுங்கள். ஆக்ராவில் தாம் அவுரங்கசீப்பைப் பார்த்ததுபோல இன்று தம்பி தம்மைப் பார்த்திருக்கிறான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைக்கிறது. வசனம் எதுவும் வேண்டாம். ரகுநாத பந்தை ஒரு பார்வை பார்த்தால் போதும்.

ஏகோஜி போவதை எப்படிக் காட்டுவது? ஓடக் கூடாது. நடக்க வேண்டும். ஜமக்காளத்தின் ஓரத்தில் விட்ட செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் மேடையிலிருந்து இறங்கி நடுப்பாதைக்கு வந்து, முதல் ஐந்து வரிசையைத் தாண்டும்வரை நிதானமாக. அதற்குப் பிறகு வேகம். ஸ்பீக்கரில் தண்ணீர்ச் சத்தம் மட்டும். கையில் செருப்போடு ஒரு ராஜா தங்களை உரசிக்கொண்டு போகும்போது பார்வையாளர்கள் காலை ஒதுக்கி வழிவிடுவார்கள். அவர்களை அறியாமலே தப்பிக்க உதவிவிட்டார்கள். இந்த இடத்தில் மிருதங்கம் வாசிக்கத் துடிக்கும் நண்பர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவரை டீ குடிக்க அனுப்பிவிடுங்கள்.

போர்க்காட்சி வேண்டாம். சிவாஜி கொள்ளிடத்துக்கு வடக்கே இருந்த தந்தையின் பகுதிகளைக் கைப்பற்றிக்கொண்டு ஊர் திரும்பினார். 1677 நவம்பரில் ஏகோஜி ஆற்றைத் தாண்டி வந்து, சிவாஜி விட்டுப்போயிருந்த படையைத் தாக்கினார். எதிர்ப்பக்கத்துத் தலைவன் சந்தாஜி. அவனும் ஷாஹாஜியின் மகன்தான், வேறொரு தாய்க்குப் பிறந்தவன். பகலில் ஏகோஜி வென்றார், இரவில் சந்தாஜி திருப்பியடித்து வென்றான். இதைக் கட்டியங்காரன் நான்கு வாக்கியத்தில் முடிக்கட்டும். அட்டைக் கத்தியைப் பார்த்தால் அதுவரை சேர்த்துவைத்தது எல்லாம் கரைந்துபோகும்.

தீபாபாய்

ஏகோஜியின் மனைவி. நாடகக் குழுக்கள் வழக்கமாக விட்டுவிடும் பாத்திரம். பெண் வேடத்துக்கு ஆள் இல்லை என்பார்கள். ஆள் தேடுங்கள். தோற்றுத் திரும்பிய கணவரைச் சமாதானத்துக்கு இணங்கவைத்தவர் அவர் என்பது மராட்டிய மரபு. ஒப்பந்தத்தில் சிவாஜி, பெங்களூரு வட்டாரத்தைத் தம்பிக்குக் கொடுக்கவில்லை; தம்பி மனைவிக்குச் சீராகக் கொடுத்தார்.

அந்தக் கணக்கின் அழகைக் கவனியுங்கள். தம்பிக்குக் கொடுத்தால், பங்கு கேட்டது தவறு என்று ஒப்புக்கொண்டதாகும். கொடுக்காவிட்டால், பிடுங்கிக்கொண்டார் என்ற பேச்சு நிற்கும். மஞ்சள் குங்குமச் சீர் என்றால் இரண்டும் இல்லை. தீபாபாயாக நடிப்பவர் இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும், குரலில் கொஞ்சம் கெட்டிக்காரத்தனத்தோடு. நாடகத்திலேயே இரண்டு பக்கத்தையும் முழுதாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். ஏகோஜிக்கு அந்த நேரத்தில் முகத்தில் நிம்மதியும் அவமானமும் சேர்ந்து வர வேண்டும். கஷ்டம்தான், முதுகைக் காட்டி உட்காரவைத்தால் சமாளித்துக்கொள்ளலாம்.

கடிதம்

அதன் பிறகு ஏகோஜி மனம் விட்டுப்போனார். உடம்பைக் கவனிப்பதில்லை, அரச காரியம் பார்ப்பதில்லை, துறவி போல இருக்கிறார் என்று ரகுநாத பந்த் எழுதியது சிவாஜிக்குப் போயிற்று. சிவாஜி தம்பிக்குக் கடிதம் எழுதினார். சோர்ந்து கிடக்க இது வயதில்லை, விரக்தியை விடு, படையைச் சும்மா வைக்காதே, பெயர் சொல்லும்படி ஏதாவது செய் என்ற தொனியில் போகிறது அது. 1680 ஏப்ரலில் சிவாஜி இறந்துவிட்டார்.

கடிதத்தை சிவாஜி நடிகர் மேடையின் மறுமூலையில் நின்று, யாரையும் பார்க்காமல் சொல்ல வேண்டும். உருக்கமாகப் படித்தால் தெலுங்கு சீரியல் ஆகிவிடும். அரசாணை எழுதுகிற கைக்கு வேறு மாதிரி எழுதத் தெரியாது. அக்கறைகூடக் கட்டளையாகத்தான் வரும். கேட்டுக்கொண்டிருக்கும் ஏகோஜி அழ வேண்டாம். கொஞ்சம் எரிச்சல்படட்டும். நோயைக் கொடுத்தவரே பத்தியமும் எழுதி அனுப்பினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? எரிச்சலுக்குப் பிறகு அவர் எழுந்து உட்காருவார். அந்த வரிசையில்தான் அது நம்பும்படி இருக்கும்.

சுவடிக் கட்டு இங்கேதான் பயன்படுகிறது. ஏகோஜி தெலுங்கில், துவிபதம் என்ற ஈரடி யாப்பில் ஒரு ராமாயணம் இயற்றியவர். அண்ணனோடு மல்லுக்கு நின்றவர் எழுத உட்கார்ந்தது பரதனும் இலக்குவனும் வீடணனும் வரும் கதையை. கடிதம் முடிந்தபின் அவர் சுவடிக் கட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வதோடு நிறுத்திவிடலாம். பாதுகை என்று ஏதாவது கொண்டுவந்து கைதட்டு வாங்க நினைக்காதீர்கள். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போனவரை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சில்லறை விஷயங்கள்

நடிகர்களைப் பெரிய கோயிலுக்கு ஒரு நடை கூட்டிப்போங்கள். போன்ஸ்லே வம்ச வரலாற்றை இரண்டாம் சரபோஜி 1803இல் மராத்தியில் அங்கே சுவரில் வெட்டிவைத்திருக்கிறார். படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எவ்வளவு நீளம் என்று பார்க்கட்டும். அது தம்பியின் வழியில் வந்தவர்கள் வெட்டிய கல். சிவாஜியைப் பற்றி நாம் பள்ளியில் படித்ததெல்லாம் பெரும்பாலும் அண்ணன் பக்கத்து ஏட்டிலிருந்து வந்தது. ஏகோஜியாக நடித்த ஒரு மாணவன் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து கொஞ்சம் நிமிர்ந்து நடந்தான்.

உடைக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். இரண்டு தலைப்பாகைகளும் ஒரே நிறத்தில், ஒரே கட்டில் இருக்கட்டும். சிவாஜியின் தலைப்பாகையில் மட்டும் ஒரு முத்துச்சரம் கூடுதலாக. இருவருக்கும் தாடி ஒரே மாதிரி. கடைசி வரிசையில் இருப்பவர் யார் அண்ணன், யார் தம்பி என்று முதல் நிமிடம் தடுமாறினால் நல்லதுதான்.

மொழிபற்றி ஒரு சந்தேகம் எப்போதும் வரும். அவர்கள் மராத்தியில் பேசியிருப்பார்கள், நாம் நல்ல தமிழில் பேசினால் போதும். நடுநடுவே மராத்திச் சொல் தூவுவது எந்த வகையிலும் உதவாது.

பள்ளி ஆண்டுவிழாவில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் தர மாட்டார்கள். அப்படியானால் கட்டியங்காரனுக்கு ஒரு நிமிடம், சந்திப்பு முழுவதும், ஓட்டம், அடுத்த நாள் காலை சிவாஜி, முடிந்தது. தீபாபாயையும் கடிதத்தையும் அரைகுறையாக நுழைப்பதைவிட விட்டுவிடுவது மேல். விருந்தை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கலாம். ஒன்றாகக் குறைத்தால் தாம்பூலத் தட்டு வேலை செய்யாது.

அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு முன்னால் ஒருமுறை வாங்கிப் பார்த்துவிடுங்கள். நீங்கள் என்ன தலைப்புக் கொடுத்தாலும் விழாக் குழுவினர் ‘வீர சிவாஜி’ என்று மாற்றி, பக்கத்தில் குதிரைப் படமும் போட்டுவிடுவார்கள். குதிரையை எதிர்பார்த்து வந்த குழந்தைகளுக்கு விருந்துக் காட்சியில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.